இசைத்தட்டும் இசைமேடையும்

இசைக்கு மயங்காதார் உலகில் இல்லை. ஆனால் அந்த இசையைத் தரும் கலைஞரின் வீட்டில் அடுப்பு எரிவது எதனால் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? சமூக அறிவியல் வகுப்பில் பொருளாதாரப் பாடம் நடந்தபோது எங்களுக்குள் எழுந்த இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இசை பண்டமான கதை

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடிக்கும் வரை, பாட்டைக் கேட்கப் பாடுபவர் எதிரில் இருந்தாக வேண்டும். பின்னர் பெர்லினர் என்பார் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். ஓர் அச்சிலிருந்து பல தட்டுகளை எடுக்க முடிந்தது. இசை கடையில் வாங்கும் பண்டமாயிற்று. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டு பதிவு செய்யப்பட்டது. ஒரு தட்டில் சில நிமிடங்களே அடங்கும். ஆகவே நெடுநேரம் பாட வேண்டிய இராகத்தை அவர் சுருக்கிப் பாடினார்.

1948இல் எல்.பி. தட்டும், 1963இல் காசெட்டும், 1982இல் குறுந்தகடும் வந்தன. அக்காலத்தில் மேலைநாட்டுப் பாடகர் பலருக்குக் கச்சேரி ஒரு விளம்பரம் போன்றது. சீட்டு விலை குறைவாயிருந்தால் கூட்டம் பெருகும். வந்தவர் இசைத்தட்டும் வாங்குவர்.

தலைகீழ் மாற்றம்

1999இல் நாப்ஸ்டர் என்னும் கணினி வலையமைப்பு வழியே மக்கள் பாட்டுகளைக் காசின்றிப் பரிமாறத் தொடங்கினர். நீதிமன்ற ஆணையால் 2001இல் அது நின்றது, பழக்கம் நிற்கவில்லை. இனி இசை, குழாய்த் தண்ணீரைப் போலவும் மின்சாரத்தைப் போலவும் ஆகிவிடும். கலைஞர்கள் ஊர் ஊராய்ச் சென்று பாட ஆயத்தமாக வேண்டும் என்று 2002இல் பாடகர் டேவிட் போவி கூறினார். பொருளியல் அறிஞர் ஆலன் குரூகர் இதற்குப் 'போவி கோட்பாடு' என்றே பெயரிட்டார். அமெரிக்காவில் 1996 முதல் 2003 வரை பொதுவிலைவாசி 17 விழுக்காடே ஏற, கச்சேரிச் சீட்டு விலை 82 விழுக்காடு ஏறியதை அவர் எடுத்துக்காட்டினார். தட்டு விற்காதபோது சீட்டைக் குறைத்து விற்பானேன்?

இன்று பதிவுத் தொழில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. 2023இல் அதன் உலக வருவாய் 2,860 கோடி டாலர். அதில் மூன்றில் இரு பங்கு ஸ்ட்ரீமிங் வழியே வந்தது. ஆனால் அப்பணம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற கணக்கின்படி பிரிக்கப்படுகிறது. ஓராண்டில் ஆயிரம் முறை கூடக் கேட்கப்படாத பாட்டின் பதிவுக்குப் பங்கு இல்லை என்று ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024இல் விதி வகுத்தது. மறுபுறம், டெய்லர் ஸ்விஃப்ட் 2023–24இல் நடத்திய 149 கச்சேரிகளின் சீட்டு விற்பனை 200 கோடி டாலரைக் கடந்தது!

எங்கள் தோழியின் தந்தை

எல்லாருக்கும் அந்த மேடை கிடைக்குமா? எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிப்பவர். திருவிழாக்களும் திருமண வரவேற்புகளுமே அவருக்கு வயல். 2020இல் கொரோனா வந்தது, மேடைகள் மூடின. அவர் வாசித்த பாட்டு அயலார் கைப்பேசிகளில் ஒலித்தது. ஆனால் பதிவன்று வாங்கிய கூலியோடு அவருக்கும் அப்பாட்டுக்கும் உள்ள கணக்கு முடிந்துவிட்டது. பல மாதம் காய்கறி வண்டி தள்ளியதாக அவள் சொன்னபோது வகுப்பே அமைதியாயிற்று.

ஒரு பாட்டைப் பல்லாயிரம் படிகளாக்கலாம். பாடுபவரைப் படியெடுக்க இயலாது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வரே வேண்டும். அந்த நால்வரும் உண்ண வேண்டும்; அவர்தம் பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

ஆகவே அன்புத் தோழியரே, குழாயில் வரும் தண்ணீருக்குப் பின்னும் ஒருவர் உழைப்பு உண்டு என்பதை மறவாதிருப்போம். பெரும்பெயர் பெற்றவரை மட்டும் நாடாமல், நம் ஊர் மேடையில் வாசிப்பவருக்கும் சீட்டு வாங்கிச் செவி கொடுப்போம். கைதட்டல் கலைஞரின் உள்ளத்தை நிறைக்கும்; வயிற்றை நிறைப்பதும் நம் கடனே.