மலாடு: பாடலும் கல்லும் காத்த பெயர்

சப்பானில் 1871ஆம் ஆண்டிற்குப் பின் பழைய மாகாணங்கள் புதிய நிருவாகப் பிரிவுகளுக்கு இடந்தந்தன. ஆயினும் ‘சத்சுமா’ என்னும் மாகாணப் பெயர் ஒருவகை ஆரஞ்சுப் பழத்தின் பெயராக இன்றும் வழங்குகிறது. தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கிய மலாடு என்னும் பெயரோ மக்கள் வழக்கினின்று நீங்கிவிட்டது. அதனை நமக்குக் காத்துத் தந்தவை இரண்டு: ஒன்று பாடல், மற்றொன்று கல்.

மலையமான் நாடு என்பதே மலாடு என மருவிற்று. மிலாடு எனவும் வழங்கிற்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி இந்நாட்டை ஆண்டான். மூவேந்தரும் அவன் படைத்துணையை நாடினர் என்பது கபிலர் வாக்கால் பெறப்படும். அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்பதை ஔவையாரின் புறப்பாடலால் அறிகிறோம். அவ்வஞ்சியின் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பாடலிற் கேட்ட பெயரைக் கல்லிலும் காணும் பேறு நமக்கு வாய்த்தது.

சோழப் பேரரசில் இந்நாடு ‘மிலாடான சனநாத வளநாடு’ எனப் புதுப்பெயர் பெற்றது. புதுப்பெயரோடு பழம்பெயரையும் சேர்த்தே பொறித்தமை எண்ணத்தக்கது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, அவன் அன்னை வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவள் என்கிறது. பாரி மகளிரை மலையர்க்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த ‘கபிலக்கல்’லையும் அதுவே குறிப்பிடுகிறது. சங்கப் புலவரும் சோழ அரசியும் ஒரே கல்வெட்டில் இடம்பெறுகின்றனர்!

பின்னர் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கிற்று. 1993ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டமும், அதிலிருந்து 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிறந்தன. மேற்கே கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார் ஆட்சி நிலவிற்று. இங்ஙனம் எல்லைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. மாறாது நிற்பன கல்லெழுத்துகளே.

அவையும் அழியாதன அல்ல. கோயிற் சுவர்களில் சுண்ணாம்பு பூசினால் எழுத்து மறையும். மணல்வீச்சால் தூய்மை செய்தால் எழுத்தே தேய்ந்துபோகும். மறைந்ததை மீட்கலாம், தேய்ந்ததை மீட்கவியலாது. ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சான்றோரால் சங்கப் பாடல்கள் நமக்குக் கிட்டின. கல்வெட்டுகளைக் காக்கும் கடமை நம்முடையது. மாணவர் தத்தம் ஊர்க் கோயில்களில் எழுத்துள்ள கற்களைக் கண்டு, இடங்குறித்து, தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்பாராயின், மலாட்டின் வரலாற்றில் இன்னும் ஓர் ஏடு கூடும்.