என்ஸ்யூ: எங்கே, எப்படி?

கேள்வி: ஆங்கில நாளிதழ்களில் ‘என்ஸ்யூ’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஃபாலோ’ என்று எழுதினாலே போதாதா?

பதில்: பல இடங்களில் போதும். ஆனால், ‘ஃபாலோ’ வெறுமனே பின்னால் வருவதையும் குறிக்கும். ஒன்று நடந்தது, அதையொட்டி இன்னொன்று மூண்டது என்று சொல்ல ‘என்ஸ்யூ’ பொருத்தமான சொல். ‘தி லைட்ஸ் வென்ட் அவுட் அண்ட் பேனிக் என்ஸ்யூட்’ என்றால், விளக்குகள் அணைந்தன, அதனால் பீதி கிளம்பியது என்று பொருள். சண்டை, குழப்பம், வாக்குவாதம், மௌனம் ஆகியவற்றோடுதான் இது அதிகம் சேரும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த வினை செயப்படுபொருள் ஏற்காது. விளைவுதான் எழுவாயாக நிற்கவேண்டும். ‘தி ஸ்பீச் என்ஸ்யூட் எ ஃபைட்’ தவறு. ‘எ ஃபைட் என்ஸ்யூட்’ சரி. பேச்சையே எழுவாயாக வைக்க ஆசைப்பட்டால் ‘ரிசல்டட் இன்’ போடுங்கள். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் ‘என்ஸ்யூ’ ‘நாடித் தொடர்’ என்ற பொருளில் செயப்படுபொருளோடு வருகிறது. அந்த வழக்கு இன்று ஒழிந்துவிட்டது.

‘தி என்ஸ்யூயிங் இயர்’ என்றால் அடுத்து வரும் ஆண்டு. அலுவலகக் கடிதங்களில் ‘என்ஸ்யூ’வை ‘உறுதிசெய்’ என்னும் ‘என்ஷூர்’ உடன் குழப்பிவிடுகிறார்கள். ஓர் எழுத்து பிசகினால் பொருளே மாறிவிடும்.

பேச்சில் ‘ஃபாலோ’வே இயல்பு. ‘என்ஸ்யூ’வைக் கட்டுரைக்கும் அறிக்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.