உன் பக்கத்தில் உட்காருகிறவர்

வடபழனி

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் மாத மடல் கிடைத்தது. மாற்கு சுவிசேஷ மொழிபெயர்ப்பு எட்டாம் அதிகாரம் வரை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் மூன்றாம் பக்கத்துப் படம் என்னைத் தூங்கவிடவில்லை. திண்ணையில் நீ, உன் லேப்டாப், பக்கத்தில் உனக்கு மொழி சொல்லித் தருகிற பெரியவர். கீழே அவர் பேர், ஊர்ப் பேர், இருளிலிருந்து மீட்கப்பட்டவர் என்று ஒரு வரி. ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சாலிகிராமம், கோடம்பாக்கம், விருகம்பாக்கம் என்று எத்தனை கைகள் மாறியதோ. அங்கிருந்து சத்தீஸ்கரில் அவர் ஊர்ச் சந்தைக்குப் போய்ச் சேர அதற்கு ரயில் டிக்கெட் வேண்டாம்.

உனக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவரவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் வண்டிக்குள் வைத்தே எரித்தார்கள். தொழுநோயாளிகளுக்குச் செய்த ஊழியத்துக்காகத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும்; ஹோ மொழி வேத மொழிபெயர்ப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் உன்னை நாலு பேர் மிரட்டினால் ராய்ப்பூரில் ரயில் ஏறி சென்னைக்கு வந்துவிடலாம். இங்கே உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாட்சி சொல்லச் சொல்வார்கள். அந்தப் பெரியவருக்கு மறுநாளும் அதே கிணறு, அதே பஞ்சாயத்து, மகளுக்கு வரன் பார்க்க அதே சாதிசனம். தைரியமாக இருக்கலாமா வேண்டாமா என்பதை அவரைக் கேட்காமல் நீ முடிவு செய்யாதே.

பர்மிய மொழியில் வேதத்தைத் தந்த மிஷனெரி ஜட்சன் கதை உனக்குத் தெரியும். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் சண்டை மூண்டபோது, அமெரிக்கரான அவரையும் ஒற்றன் என்று ஆவா நகரத்தில் சிறையில் போட்டார்கள். புதிய ஏற்பாட்டுக் கைப்பிரதியை மனைவி ஆன் முதலில் வீட்டுக்கடியில் புதைத்தார். மழையில் கெட்டுப்போகும் என்று பிறகு அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்குள் அவரிடம் சேர்த்தார். திருடனுக்கும் ஆசை வராத அளவுக்குக் கரடுமுரடான தலையணை. இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அடுத்த வருஷம் கைதிகளைத் துணியை உருவி வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, காவலர்கள் அந்தத் தலையணையை விட்டெறிந்தார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டவர் மௌங் இங் என்கிற பர்மிய விசுவாசி. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், போதகரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்தார். அந்தத் தாள்கள் தப்பியதால்தான் 1834இல் ஜட்சனால் முழு வேதாகமத்தையும் முடிக்க முடிந்தது. நம் சபையில் ஜட்சனைத் தெரியாதவர் குறைவு. மௌங் இங் பேரைச் சொல்லிப் பார், முழிப்பார்கள்.

எதிரி யார் என்பதிலும் அவசரப்படாதே. சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தொடங்கிய சில வாரங்களிலேயே டேன்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாசம் அடைபட்டார். அடைத்தது தஞ்சாவூர் ராஜா இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே தேவனைத் தொழுத டேனிஷ் தளபதி. வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டின்டேலை 1536இல் கழுத்தை நெரித்து எரித்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. ஆகவே காணிக்கை தருகிறவர்களுக்காக அந்த ஊரையே இருள் என்று எழுதுவதை நிறுத்து. உனக்குச் சோறு போடுகிற ஊர் அது.

இன்னொன்று, உனக்குக் கசக்கும். அந்தப் பெரியவர் விசுவாசிதானா, கூலிக்கு வேலை செய்கிறவரா? கூலிக்கு என்றால் அதில் குறைவு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயர் வேதத்தைத் தமிழாக்கியபோது கூட உட்கார்ந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். கடைசிவரை சைவர். 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதி மிஷனெரிகளைக் கிழி கிழியென்று கிழித்தார். ஆனாலும் பெர்சிவலுக்குச் செய்து கொடுத்த வேலையில் குறை வைக்கவில்லை. வேலையில் நேர்மையான ஒருவர் கிடைத்திருக்கும்போது, அவரை மடலில் மதம் மாற்றி எழுதுவது பொய். உன் மாநிலத்தில் அது பொய்யோடு நிற்காது, போலீஸ் புகாராகும். அங்கே மதமாற்றத் தடைச் சட்டம் 1968இலேயே வந்துவிட்டது. மத்தியப் பிரதேசம் போட்டது, பிரிந்தபோது கூடவே வந்தது. மொழிபெயர்ப்பதை அது தடுக்கவில்லை. ஆசை காட்டியோ மிரட்டியோ ஏமாற்றியோ மாற்றினாய் என்றால் குற்றம். நீ அவருக்கு மாசாமாசம் கொடுக்கிற பணம் கணக்கில் ஏறாமல் போனால், ஆசை காட்டியதற்கு அதுவே சாட்சி. மொழி வேலைக்குச் சம்பளம் என்று எழுதி, கையெழுத்து வாங்கி வை.

பண விஷயத்தில் வேப்பேரி மிஷனெரி பப்ரிசியஸ் ஐயரைப் போல ஆகிவிடாதே. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. ஐயர் பழவேற்காட்டுக்கு ஓடி டச்சுக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அங்கே பிடித்த அச்சுக்கூடம் அவர் கைக்கே வந்தது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. அந்தத் தமிழை இன்றைக்கும் வாசித்து மெச்சுகிறவர்கள் உண்டு. இத்தனை யுத்தத்தைத் தாண்டியவரை வீழ்த்தியது கடன். மிஷன் பணத்தைக் கொடுக்கல் வாங்கலில் விட்டு, கிழவயதில் கடன்காரர் சிறையில் கிடந்தார். புரசைவாக்கத்தில் அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. சிறைக் கதையை அங்கே சொல்லித் தருகிறார்களோ என்னவோ!

ஒலி வேதத்துக்கு அந்தப் பெரியவரையே இங்கே கூட்டிவந்து டப்பிங் தியேட்டரில் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தியேட்டர் பிடிப்பது சுலபம், ஆற்காடு ரோட்டில் எனக்கு ஆள் இருக்கிறது. ஆனால் அவர் குரல் வேண்டாம். எங்கள் தெருமுனை டீக்கடையில் நிற்கிறவர்கள், டிவியைப் பார்க்காமலே எந்த நடிகைக்கு யார் குரல் கொடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பது வீட்டு ஊரில் ஒரு பெரியவர் குரல் எத்தனை நாள் மறைந்திருக்கும்? அதே மொழி பேசுகிற, தூரத்துத் தாலுகாக்காரர் ஒருவரைத் தேடு. விவரம் முழுக்கச் சொல்லி, சம்மதம் கேட்டுப் பதிவு செய்.

கைப்பிரதி ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம், ஒன்று ராஞ்சியில் உன் நண்பரிடம் இருக்கட்டும். மூன்றிலும் யார் பேரும் வேண்டாம். வேலை முடிந்து அச்சுக்குப் போகும்போது முன்னுரையில் தன் பேர் வரலாமா என்று பெரியவரிடம் ஒரு தடவையும், அவர் வீட்டம்மாவிடம் தனியாக ஒரு தடவையும் கேள். இரண்டு பேரும் சரி என்றால் உன் பேருக்கு முன்னால் போடு. ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடு.

அடுத்த மாத மடலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஒன்பதாம் அதிகாரத்தையும் கூடவே அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்