பறித்த இலைக்கும் உயிருண்டு

என் இளமையில் எங்கள் ஊரில் வாரத்திற்கு ஒரு நாளே சந்தை கூடும். அன்று வாங்கிய கொத்தமல்லியும் புதினாவும் அடுத்த சந்தை வரையில் வரவேண்டும். ஒருமுறை, தழை வாடிவிடுமே என்று அஞ்சிய நான், கொத்தமல்லிக் கட்டு முழுவதையும் குடத்து நீரில் அமிழ்த்தி வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபொழுது அது கறுத்துக் குழைந்து நாற்றம் வீசியது. அன்று இல்லத்தில் விருந்தினர் இருந்தனர். அன்னையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. மல்லியின்றியே இரசம் வைத்தார்.

நீரின்றி வாடும் தழை நீரிலேயே அழுகியது எங்ஙனம்? செடியினின்று பிரிந்த இலை உடனே இறந்துவிடுவதில்லை. அது மூச்சுவிடுகின்றது, தன் நுண்துளைகளின் வழியே நீராவியை வெளிவிடுகின்றது. வேர் தரும் நீர் நின்றுவிட்டமையால், இழந்ததை ஈடுசெய்ய இயலாமல் துவள்கின்றது. நீருள் அமிழ்த்தினாலோ காற்றின்றித் திணறுகின்றது. நுண்ணுயிர்கள் பெருகி அதனை அழுகச் செய்கின்றன. ஆதலின் தண்டிற்கு நீரும், இலைக்கு ஈரக்காற்றும் வேண்டும். இலைமேல் நீர் தேங்குதல் ஆகாது.

கொத்தமல்லிக் கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளை முதலில் நீக்குக. வேர்ப்பகுதி மட்டும் நனையுமாறு ஒரு குவளையில் நிறுத்தி, நிழலில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றுக. குளிர்ப்பெட்டி உள்ள இல்லத்தில் தழையை ஈரம் போக உலர்த்தி, மெல்லிய துணியில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் வைக்கலாம். குளிரில் இலையின் மூச்சு மெதுவாகும். மூடியோ அதன் ஈரத்தைக் காக்கும். அப்பெட்டி இல்லையே என்று வருந்த வேண்டா. ஈரத்துணி சுற்றிய மண்பானையின் உட்புறமும் குளிர்ந்தே இருக்கும். துணியின் நீர் ஆவியாகுங்கால் பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது அன்றோ?

கறிவேப்பிலையைப் பலர் 'கருவேப்பிலை' என்று வழங்குவர். கறிக்கு உதவும் வேப்பிலை என்பதே பொருள். கருமைக்கு இங்கு இடமில்லை. தோற்றத்தில் வேம்பை ஒத்திருப்பினும், தாவர நூலார் இதனை எலுமிச்சைக் குடும்பத்தில் சேர்ப்பர். எலுமிச்சை இலையை உண்ணும் வண்ணத்துப்பூச்சியின் புழு இதனையும் விரும்பி உண்பதைத் தோட்டத்தில் காணலாம். இவ்விலை சற்றே தடித்தது. ஈர்க்கினின்று உருவி, ஈரமின்றி மூடிவைத்தால் பல நாள் நிற்கும். வெயிலில் காயவைப்போரும் உளர். அவர்களுக்குச் சருகு எஞ்சும். மணம் பெரும்பாலும் காற்றோடு போய்விடும்.

புதினாவோ நமக்குப் பெரிதும் இணங்குவது. இலைகளைக் கிள்ளிய பின்னர்த் தண்டுகளை எறிந்துவிடாதீர்கள். கணுக்கள் நனையும்படி சில தண்டுகளை நீரில் நிறுத்துங்கள். ஓரிரு வாரங்களில் கணுதோறும் வெண்ணிற வேர்கள் தோன்றும். அவற்றை வாயகன்ற தொட்டியில் நட்டு, கடும்வெயில் படாத இடத்தில் வைத்து, மண் காயாமல் நீர் தெளித்து வந்தால், தண்டுகள் மண்மேல் படர்ந்து தொட்டியை நிறைக்கும். அதன் பின்னர்ச் சமையலுக்கு உலை வைத்துவிட்டே இலை பறிக்கச் செல்லலாம்.