மெயின் கன்சோல் நின்றாலும் விளக்கு நிற்காதிருக்க

பெரிய அரங்குகளில் லைட்டிங் கன்சோல் இரண்டு இருக்கும். ஒன்று மெயின், மற்றது பேக்கப். இரண்டிலும் ஒரே ஷோ ஃபைலை ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதி வேலைதான். 47-வது க்யூ ஓடும்போது மெயின் படுத்துவிட்டால், பேக்கப்பும் அதே 47-ல் நிற்க வேண்டும். முதல் க்யூவிலேயே உட்கார்ந்திருந்தால் அது இருந்தும் இல்லாததும் ஒன்று.

முதலில் மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்வரை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பல கன்சோல்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. அப்டேட் செய்தால் இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள், நிகழ்ச்சி நாளில் மட்டும் வேண்டாம்.

ஐபி முகவரியை நிலையானதாகக் கையால் கொடுங்கள். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் ஒன்றே. வைஃபை இந்த வேலைக்கு ஆகாது. கன்சோல்களுக்குத் தனித்தனி யூ.பி.எஸ். வைத்துவிட்டு, இரண்டையும் இணைக்கும் ஸ்விட்சைச் சுவர் பிளக்கில் செருகியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கரன்ட் போனால் கன்சோல்கள் உயிரோடு இருக்கும், பேச வழிதான் இருக்காது. ஸ்விட்சுக்கும் யூ.பி.எஸ். கொடுங்கள்.

இனி இணைப்பு. எது மெயின், எது பேக்கப் என்று அமைப்பில் குறிப்பதற்கு முன், இரண்டிலுள்ள ஃபைலையும் தனித்தனி பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சேர்ந்த கணமே ஒன்றின் தரவு மற்றதன்மேல் எழுதப்படும். திசை மாறினால் நேற்றைய ஒத்திகை முழுக்கப் போய்விடும்.

கன்சோலிலிருந்து விளக்குகளுக்குச் செல்லும் தரவு எஸ்ஏசிஎன் (sACN) என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாகப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு கன்சோலுக்கும் 0 முதல் 200 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. நாம் தொடாவிட்டால் அது 100. இரண்டு கன்சோலுக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, இரண்டும் ‘நான்தான் மெயின்’ என்று அனுப்பத் தொடங்கினால் விபரீதம்தான். எண் சமமாக இருந்தால், விளக்குப் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் ஒவ்வொரு சேனலிலும் எது அதிக ஒளியோ அதை எடுத்துக்கொள்ளும். பிளாக்அவுட் கொடுத்த பிறகும் இன்னொரு கன்சோல் பிடித்துவைத்திருக்கும் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். எனவே மெயினுக்கு 110, பேக்கப்புக்கு 100 என்று வித்தியாசம் வையுங்கள். பெரிய எண் இருக்கும்வரை சின்ன எண்ணின் பேச்சு எடுபடாது.

சோதனையில்தான் பலர் சுலபமான வழியைத் தேடுகிறார்கள். மெயினை மெனு வழியாக அணைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல. முறையாக அணையும்போது ‘நான் கிளம்புகிறேன்’ என்று அது மூன்று முறை செய்தி அனுப்பிவிடும். மாற்றம் உடனே நடக்கும். மெயினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அப்போது விளக்குப் பக்கக் கருவி 2.5 நொடி காத்திருந்துதான் மெயின் போய்விட்டதென்று முடிவு செய்யும். அந்த இடைவெளியில் கடைசி ஒளியைப் பிடித்து வைக்கிறதா, இருட்டாக்குகிறதா என்று மேடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேட் ஓடும் நடுவில் ஒருமுறை, சும்மா நிற்கும்போது ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.

ஒத்திசைவு தவறையும் சேர்த்தே கொண்டுபோகும். மெயினில் கை தவறி ஒரு க்யூவை அழித்தால் பேக்கப்பிலும் அது அப்போதே காணாமல் போகும். ஆகவே ஒவ்வொரு ஒத்திகைக்குப் பின்னும் தேதி போட்ட பெயரில் ஃபைலைச் சேமித்து, கன்சோலோடு தொடர்பில்லாத இடத்தில் வையுங்கள்.

நிகழ்ச்சி நடுவே மெயின் விழுந்து பேக்கப் ஏற்றுக்கொண்டால், மெயின் எழுந்ததும் இணைக்க அவசரப்படாதீர்கள். அதனிடம் இருப்பது விழுந்த நேரத்துப் பழைய தரவு. நெட்வொர்க் கேபிளைக் கழற்றியே வைத்திருங்கள். இடைவேளையில் அதைப் பேக்கப்பாக மாற்றி, முன்னுரிமை எண்ணையும் குறைத்துவிட்டு, பிறகு கேபிளைச் செருகி, இப்போது ஓடும் கன்சோலிலிருந்து தரவை இழுக்க விடுங்கள். க்யூ எண் இரண்டு திரையிலும் ஒன்றாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். பழைய பொறுப்புகளுக்குத் திரும்புவது நிகழ்ச்சி முடிந்த பிறகு.