தொடுபரப்பும் தொற்றும்

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது, மளிகைக் கடையில் வாங்கிய பொருள்களை வீட்டுக்குள் கொண்டுசெல்லவும் மக்கள் அஞ்சினர். பொட்டலங்களைத் துடைத்தனர். அமெரிக்காவில் சிலர், உடலுக்குத் தீங்கு தரும் பிளீச்சிங் நீரால் உணவுப்பொருள்களையே கழுவினர். இவ்வச்சம் பொருத்தமானதா?

அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்க அறிவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, கொரோனா தீநுண்மி நெகிழியில் 72 மணிநேரம் வரையும், அட்டையில் 24 மணிநேரம் வரையும் நிலைத்திருக்கக்கூடும் என்றது. ‘மூன்று நாள்’ என்பதே பலர் மனத்தில் பதிந்தது. ஆனால், நெகிழியில் அதன் அளவு ஏறத்தாழ 7 மணிநேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. ஒரு நாள் கழிந்தால் எஞ்சுவது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. அதுவும் கைக்கு மாறி, அங்கிருந்து கண், மூக்கு, வாய் ஆகியவற்றை அடைந்தால்தான் தொற்று உண்டாகும். ஒவ்வொரு படியிலும் அளவு மேலும் குறையும்.

தீநுண்மி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு, பொதுவாக 10,000இல் ஒன்றிற்கும் குறைவு என 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. கடையில் பேரிடர் தருவது பொட்டலமன்று; நெரிசலில் பிறர் வெளிவிடும் மூச்சுக்காற்றே.

எனினும், எல்லாத் தீநுண்மிகளும் ஒரே தன்மையன அல்ல. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ், பரப்புகளில் பல நாள் நிலைத்திருக்கும். மிகச் சிறிதளவே நோய் தரப் போதுமானது. ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிக்கும் அது எளிதில் அழியாது. எனவே, கடைக்குச் சென்று திரும்பியதும் சோப்பிட்டுக் கைகழுவுதல் என்றும் நன்று. ‘தீநுண்மி இருக்கிறதா?’ என்பதோடு நில்லாமல், ‘எவ்வளவு இருக்கிறது? எவ்வழியே பரவும்?’ எனவும் வினவுவதே அறிவியல் நோக்கு.