பவளத் தீவில் விடுமுறை

விடுமுறையில் லட்சத்தீவுகளுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டியது என்று வைத்துக்கொள்வோம். கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் உள்ள கவரத்தியில் இறங்குகிறீர்கள். கடலில் குளித்துக் களித்தபின் என்ன செய்யலாம்?

ஒரு சிட்டிகை வெண்மணலைச் சிரட்டையில் இட்டு, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சிறு குமிழிகள் எழும். அது கரியமில வாயு. மணலில் கால்சியம் கார்பனேட் இருப்பதற்கு இது ஓர் அடையாளம். நம் ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது பொங்காது.

இந்தச் சுண்ணாம்பு மணல் எப்படி வந்தது? கண்ணாடித் தளம் அமைந்த படகிலிருந்து கீழே நோக்குங்கள். கிளிமீன்கள் அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும். அரைபட்ட சுண்ணாம்பை மணலாகக் கழிக்கும். அலை நொறுக்கிய பவளமும் சிப்பியும் அதனுடன் சேரும்.

அடுத்து, பெரியவர் ஒருவரின் துணையுடன், கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றால் அளவெடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். கடல் ஏறி இறங்குவதற்கேற்பக் கிணற்று நீரும் சற்றே ஏறி இறங்கும். மணலில் ஊறிய மழைநீர், அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் மிதப்பதே காரணம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும்.

தீவுக்கு மண் தருவது பவளம்; அலையைத் தடுப்பதும் அதுவே. கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் இங்குப் பவளங்கள் வெளிறின, பல மடிந்தன. ஆகவே, பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். ஒரு துண்டையும் எடுத்து வராதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. கொண்டுவர வேண்டியது உங்கள் குறிப்பேட்டை மட்டுமே!